எதிரணியில் வேதா

ஆதிலட்சுமி டீச்சருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒரு காரியம் தானாகக் கனிந்து வருகிறது என்று தெரிந்தால் சும்மா இருக்க மாட்டாள். தன் பங்குக்கு ஒரு கை கொடுத்துவிட்டுத்தான் ஓய்வாள்.

போன வாரமும் அதுதானே நடந்தது? அண்ணன் முருகையன் கீழ்பென்னாத்தூரிலிருந்து மல்லாட்டைக் கடலை மூட்டையோடு வந்து இறங்கி, "வேதாவ வேலூர் காலேஜுல சேக்கறதப் பத்தி யோசிக்கிறேன் லச்சுமி" என்று சொல்லிவிட்டுப் போனார். பெண்பிள்ளை படிப்பு விஷயத்தில் அந்த மனிதர் யோசிப்பதே பெரிய சங்கதி. அவர் மனைவி எல்லம்மாளோ, மகளைத் தன் தம்பி தருமனுக்கே கட்டிக் கொடுத்துவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். தருமன் எண்ணெய் மில் வைத்திருக்கிறான். பீடி, சிகரெட் கிடையாது. அக்கா கிழித்த கோட்டைத் தாண்ட மாட்டான். அப்பேர்ப்பட்ட பையனை வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் ஒரு காரணம் அகப்படவில்லை.

வேதா பதினோராம் வகுப்பு. அந்தக் காலத்துப் பதினோரு வருஷப் படிப்பின் கடைசிப் பரீட்சையான எஸ்.எஸ்.எல்.சி. எழுதப் போகிறாள். சில வருஷமாக அத்தை ஆதிலட்சுமியின் வீட்டில் தங்கி, அத்தை இங்கிலீஷ் டீச்சராக இருக்கிற பெண்கள் பள்ளியிலேயே படித்து வருகிறாள். பரீட்சை முடிந்ததும் வேலூர் ஹாஸ்டலா, தருமன் வீட்டுச் சமையற்கட்டா? இரண்டு வீட்டிலும் ஓடிக்கொண்டிருந்த கேள்வி இது ஒன்றுதான்.

அண்ணனை அவர் போக்கில் யோசிக்க விட்டிருந்தால் அவரே வழிக்கு வந்திருப்பார். ஆதிலட்சுமி விட்டாளா? "சனிக்கிழமை வேதாவுக்கு இங்கிலீஷ் பேச்சுப் போட்டிண்ணா. உன் பொண்ணு பேசறத வந்து கண்ணால பாரு. அப்புறம் முடிவு பண்ணு" என்று வாயைக் கொடுத்தாள்.

இதோ சனிக்கிழமை. முருகையன் வந்துவிட்டார். கூடவே புதுச் சட்டை போட்டுக்கொண்டு தருமனும் வந்திருந்தான்.

* * *

தேரடித் தெருவில் பாத்திரக் கடைகளுக்கு நடுவே இருந்தது அந்த மண்டபம். ஊரிலுள்ள பள்ளிக்கூடங்கள் எல்லாம் வந்திருந்தன. மேடையில் நடுவராக ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். பக்கத்தில், ஆசிரமத்துப் பக்கம் வாடகை வீட்டில் இருக்கிற ஒரு வெள்ளைக்காரம்மா, கதர்ப் புடவையும் நெற்றி நிறைய விபூதியுமாக.

தலைப்பு, 'பெண்கள் உயர்படிப்புக்காக வீட்டை விட்டு வெளியூர் போக வேண்டும்' என்பது. தலைப்பு வந்த அன்றைக்கே ஆதிலட்சுமிக்குக் கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது போல இருந்தது. இதை விட நல்ல சகுனம் வேண்டுமா?

ஆனால் இந்தப் போட்டிகளுக்கு ஒரு முறை உண்டு. டீச்சர்தான் பேச்சை எழுத வேண்டும். ஆதரித்து ஒன்று, எதிர்த்து ஒன்று. பிள்ளை இரண்டையும் நெட்டுருப் போட வேண்டும். மேடை ஏறுவதற்குச் சற்று முன்னால் ஒரு சொம்பில் சீட்டுப் போட்டுக் குலுக்குவார்கள். எந்தச் சீட்டு வருகிறதோ அந்தப் பேச்சைப் பேசிவிட்டு இறங்க வேண்டியதுதான். மற்றது வீண்.

வேதா இரண்டையும் கரைத்துக் குடித்திருந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அத்தை அவளை மொட்டை மாடியில் நிறுத்திவிடுவாள். பக்கத்து மாவு மில் ஓடுகிற சத்தத்தையும் மீறி, கீழே வாசலில் நிற்கிற தன் காதில் ஒவ்வொரு சொல்லும் விழ வேண்டும். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரல் ஏற வேண்டும், எங்கே கை போக வேண்டும் எல்லாவற்றுக்கும் கணக்கு. மூன்றாவது பத்தியில் 'நான்' என்று வருகிற இடத்தில் வலது கை நெஞ்சுக்கு வந்துவிட வேண்டும். அந்த இடத்தை மட்டும் ஒரு சாயங்காலம் முழுக்கப் பேச வைத்தாள்.

வேதா சொம்பில் கையை விட்டாள். எதிரணி வந்தது.

ஆதிலட்சுமிக்கு ஒரு கணம் திக்கென்றது. பிறகு தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். அண்ணனுக்கு இங்கிலீஷ் தெரியாது, கைதட்டல் தெரியும். எந்தப் பக்கம் பேசினால் என்ன, பெண் பேசுகிற பேச்சில் மண்டபமே வாய் பிளக்கப் போகிறது, அது போதாதா?

பிளந்துதான் போயிற்று. அடேயப்பா, என்ன குரல்! என்ன நிமிர்வு! வீட்டில் மோர் வேண்டுமா என்று கேட்டால்கூட வாய் திறக்காமல் தலையை ஆட்டுகிற பெண்ணா இவள்? வீட்டை விட்டுப் போகிற படிப்பு ஒரு பெண்ணை வேரிலிருந்து பிடுங்குகிறது என்று அவள் கணீரென்று சொன்னபோது, வெளியூர் போய் பி.ஏ.வும் டீச்சர் படிப்பு பி.டி.யும் படித்துவிட்டு வந்த ஆதிலட்சுமிக்கே, நாம் பண்ணினது தப்புதானோ என்று தோன்றியது. எழுதினது அவளேதான். இருந்தும் தோன்றியது.

பேச்சின் நடுவே அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். முருகையன் துண்டை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். அவர் காதோரம் ஒரு தலை ஆடிக்கொண்டிருந்தது. பையன்கள் பள்ளி இங்கிலீஷ் வாத்தியார் சக்கரவர்த்தி. வெளிநாட்டிலிருந்து வந்த யாரோ ஒருவருடைய சொற்பொழிவை எப்போதோ மேடையில் நின்று தமிழில் சொன்னவர். அன்றைக்கு விழுந்த கைதட்டலை இன்னும் மறக்க முடியாமல் தவிக்கிறவர். பாவம், அண்ணனுக்குப் பேச்சுத் துணைக்கு ஒரு ஆள் கிடைத்ததே என்று ஆதிலட்சுமி சந்தோஷப்பட்டாள்.

முதல் பரிசு வேதாவுக்குத்தான். வெள்ளைக்காரம்மா கப்பைக் கையில் கொடுத்துவிட்டு, நீ பேசினதெல்லாம் உன் சொந்த அபிப்பிராயம்தானா என்று சிரித்துக்கொண்டே இங்கிலீஷில் கேட்டாள்.

"தேங்க் யூ மேடம்" என்றாள் வேதா.

அந்தம்மாவின் உச்சரிப்பு பெண்ணுக்குப் புரியவில்லை போலிருக்கிறது என்று ஆதிலட்சுமி நினைத்துக்கொண்டாள்.

* * *

வாசலுக்கு வந்த முருகையனின் கண்கள் சிவந்திருந்தன. ஆதிலட்சுமியின் கல்யாணத்தன்று அழுததற்குப் பிறகு அண்ணன் அழுது அவள் பார்த்ததில்லை.

"என் பொண்ணு மனசுல இவ்ளோ இருக்கும்னு எனக்குத் தெரியாமப் போச்சே லச்சுமி!"

"நான் எத்தினி வாட்டி சொன்னேண்ணா."

"நீ எங்க சொன்ன? நீ வேற மாதிரி இல்ல சொல்லிக்கினு இருந்த!" என்று துண்டால் மூக்கைத் துடைத்தார். "போவட்டும் வுடு. இனிமே நான் குறுக்க நிக்க மாட்டேன். புள்ள மனசு எதுவோ அதான் என் முடிவு."

ஆதிலட்சுமிக்குத் தரையில் கால் பாவவில்லை. அவள் கண்ணுக்கு முன்னால் வேலூர் காலேஜ் வாசலில் வேதா டிரங்குப் பெட்டியோடு நிற்கிறாள்! வேதாவைப் பார்த்து ரகசியமாகக் கண்ணைக் காட்டினாள். கப்பை இடுப்போடு அணைத்துக்கொண்டு நின்ற வேதா, அத்தை சிரிக்கிறாளே என்று தானும் சிரித்து வைத்தாள்.

எதிரே இருந்த ஹோட்டலுக்குள் நுழைந்தார்கள். முருகையன் ஹோட்டலில் தண்ணீர்கூட யோசித்துக் குடிக்கிற ஆசாமி. அன்றைக்கோ, "எல்லாருக்கும் ஜாங்கிரி வையிப்பா, ஜாஸ்தியாவே வையி" என்று சத்தம் போட்டார். தருமன் ஜாங்கிரியைத் தொடாமல் மேசையில் சிந்தியிருந்த தண்ணீரை விரலால் கோடாக இழுத்துக்கொண்டிருந்தான்.

"வர்ற வெள்ளிக்கிழம நாளு நல்லாருக்குது" என்றார் முருகையன். "நம்ம பக்கத்துல பெரியவங்க நாலு பேரக் கூட்டிக்கினு வந்துடறேன். நீயும் வூட்டுல சொல்லி வையி."

"காலேஜுக்கு எதுக்குண்ணா பெரியவங்க? நான் ஒருத்தி போதாதா? அப்ளிகேஷன் பாரம் வாங்கறதுல இருந்து ஹாஸ்டல்ல கொண்டு போய் வுடற வரைக்கும் நான் பாத்துக்கறேன்."

முருகையன் ஜாங்கிரியைக் கடித்த வாயோடு அவளைப் பார்த்தார்.

"எந்தக் காலேஜு?"

"வேலூர் காலேஜுண்ணா! இப்பத்தானே சொன்ன, புள்ள மனசு எதுவோ அதான்னு?"

"அதான் நானும் சொல்றேன். பூ வைக்கறதுக்குப் பெரியவங்க வேணாமா?"

"யாருக்குப் பூ?"

"இன்னா லச்சுமி, தூங்கிட்டியா அங்க? வேதாவுக்குத்தான். நம்ம தருமனுக்குப் பேசி முடிக்க."

தருமன் தலை மேசைக்குக் கீழே போய்விடும் போல இருந்தது. வேதா காபியை டம்ளரிலிருந்து டவராவுக்கும் டவராவிலிருந்து டம்ளருக்கும் ஆற்றினாள். ஆறின காபியைத் திரும்பவும் ஆற்றினாள்.

ஆதிலட்சுமிக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாசலில் நின்று அழுத அண்ணன் யார், இங்கே உட்கார்ந்து ஜாங்கிரி தின்கிற இந்த அண்ணன் யார்? எங்கே தடம் புரண்டது?

"யாருண்ணா உனக்குச் சொன்னது, அவளுக்கு இப்பக் கல்யாணம் வேணும்னு?"

"யாரு சொல்லணும்? அவளே சொன்னா. மைக்குல சொன்னா. நாலு பள்ளிக்கூடத்து ஜனங்க முன்னாடி நெஞ்சுல கைய வச்சு சொன்னா. 'என் நைனா காலடி மண்ணுதான் எனக்குக் காலேஜு, அத வுட்டுட்டு நான் எங்க போவேன்'னு சொல்லல? நான் அங்கியே அழுதுட்டேன். வேணும்னா தருமனக் கேளு."

தருமன் நிமிர்ந்தான். "எனக்கு ஒண்ணும் புரியல டீச்சரக்கா. புரிஞ்ச வரைக்கும் பயமா இருந்துச்சு" என்றான்.

ஆதிலட்சுமி பேச்சை முதலிலிருந்து கடைசி வரை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். காலடியும் இல்லை, மண்ணும் இல்லை. அப்பா என்ற சொல்லே அந்தப் பேச்சில் ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது, அதுவும் செலவைப் பற்றி.

அந்த நேரம் பார்த்து ஹோட்டல் படியேறினார் சக்கரவர்த்தி வாத்தியார். தானாக வந்து தலையைக் கொடுத்தார்.

"டீச்சர், பிரமாதம்! உங்க பொண்ணு பேச்சுக்கு ஐயா கண்ணுல தண்ணியே வந்துடுச்சு."

"சார், காலடி மண்ணு எங்கேருந்து வந்துச்சு?"

"எந்த மண்ணு?"

"என் நைனா காலடி மண்ணு எனக்குக் காலேஜு."

சக்கரவர்த்தியின் முகம் மலர்ந்தது. "அதுவா? வேர் வேர்னு சொல்லிச்சு பாருங்க பொண்ணு, அந்த இடம். வேர்னு சொன்னா ஐயாவுக்கு என்ன ஒட்டும்? மொழிபெயர்ப்புன்னா சும்மா வார்த்தைக்கு வார்த்தை வச்சா ஆவுமா டீச்சர்? உணர்ச்சியைக் கொண்டு வரணும்."

"நல்லா கொண்டு வந்தீங்க சார்! சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் பக்கம் குடுத்தாங்கன்னு எங்கண்ணனுக்கு ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"அது... அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே?" என்று சக்கரவர்த்தி முருகையனைப் பார்த்தார். முருகையன் அவரைப் பார்த்த பார்வையில் அந்த எல்லாரில் தான் இல்லை என்பது தெரிந்தது.

சரி, ஆனது ஆகிவிட்டது, அவர் வாயாலேயே சொல்ல வைத்தால் விஷயம் சீராகிவிடும் என்று ஆதிலட்சுமி நினைத்தாள். "நீங்களே எங்கண்ணனுக்கு விளக்கிச் சொல்லுங்க சார்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். மறுபடியும் அந்த ஒரு கை!

சக்கரவர்த்தி உட்கார்ந்தார், விளக்கினார். "ஐயா, அது பொண்ணோட கருத்து இல்லீங்க. பேச்சு டீச்சர் எழுதினது. ரெண்டு பக்கத்துக்கும் அவங்களே எழுதிடுவாங்க. பொண்ணு மனப்பாடம் பண்ணும். போகணும்னு சீட்டு வந்திருந்தா, போயே தீருவேன்னு பேசியிருக்கும். போகக் கூடாதுன்னு வந்துச்சு, அதனால அப்படிப் பேசிச்சு. எல்லாம் பயிற்சிதாங்க. எங்க பசங்களும் அப்படித்தான்."

முருகையன் இலையை ஓரமாகத் தள்ளினார். தங்கை பக்கம் திரும்பினார்.

"பேச்சு நீ எழுதினதா?"

"ஆமாண்ணா."

"நெஞ்சுல கைய வச்சது?"

"நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

"அப்ப அந்த வெள்ளக்காரம்மா கப்பு குடுத்துச்சே, அது எதுக்கு? பொய் சொன்னதுக்கா?"

"பொய் இல்லண்ணா. வாதம். கோர்ட்டுல வக்கீல் பேசற மாதிரி."

"வக்கீலு பேசுவான், தெரியும். நான் நெலத்துக்காகச் செஞ்சியில கோர்ட்டுப் படி ஏறினவன்தான். நெஞ்சுல கைய வச்சு, சாமி சத்தியமான்னு சொல்றவன் வக்கீலு இல்ல, சாட்சி. என் பொண்ணு இன்னிக்கி அங்க நின்னது வக்கீலாவா, சாட்சியாவா?"

ஊருக்கெல்லாம் இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிற ஆதிலட்சுமி டீச்சர், சுவரில் இருந்த தமிழ் விலைப்பட்டியலைப் படிக்க ஆரம்பித்தாள்.

"சைக்கிளப் பூட்டாம வந்துட்டேன் போலிருக்கு" என்று சொல்லிக்கொண்டே சக்கரவர்த்தி நழுவினார்.

* * *

பே கோபுரத் தெருவில் இருந்த வீட்டுக்கு நால்வரும் முன்னும் பின்னுமாக நடந்து வந்தார்கள். ஆதிலட்சுமியின் வீட்டுக்காரர் கோதண்டராமன் போளூரில் மின்சார இலாகா டூட்டியில் இருந்தார். அவர் இருந்திருந்தால் எதையாவது சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்திருப்பார். அன்றைக்கு அதுவும் இல்லை.

முருகையனும் தருமனும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். திண்டிவனம் போகிற சாயங்கால பஸ்ஸைப் பிடித்தால் கீழ்பென்னாத்தூரில் இறங்கிக்கொள்ளலாம். அதற்குள் பேசி முடித்தாக வேண்டும்.

ஆதிலட்சுமி வேதாவைச் சமையலறைக்குள் இழுத்தாள்.

"ஏண்டி, மேடையில பேசினது உனக்கே உண்மைன்னு படலயே?"

வேதா யோசித்தாள். "பேசும்போது உண்மையாட்டம்தான் இருந்துச்சு அத்தை."

"அப்ப இன்னொரு பேச்சு? போகணும்னு எழுதினேனே, அது?"

"மாடியில அதப் பேசிப் பாத்தப்பவும் அப்படித்தான் இருந்துச்சு."

"கடவுளே! சரி, நைனா இப்பக் கேப்பாரு. கேட்டா என்ன சொல்லணும்னு கவனமாக் கேட்டுக்கோ. 'நான் மேல படிக்க ஆசைப்படறேன் நைனா, நீங்க அனுப்பி வைக்கணும்.' அவ்ளோதான். கண்ணைப் பாத்துச் சொல்லு. 'ஆசைப்படறேன்'ல கொஞ்சம் நிறுத்து. 'அனுப்பி வைக்கணும்'ங்கறப்ப குரல் இறங்கணும். எங்கே, ஒரு தடவை சொல்லு பாக்கலாம்."

வேதா சொன்னாள். சுத்தமாக, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, இறக்க வேண்டிய இடத்தில் இறக்கி.

"நெஞ்சுல கை வைக்கணுமா அத்தை?"

"வேணாம், வேணாம்! கை கீழயே இருக்கட்டும்."

கூடத்துக்கு வந்தார்கள். முருகையன் மகளை எதிரே உட்காரச் சொன்னார். அவள் நின்றாள். அவர் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் ஆதிலட்சுமி பதிலுக்குக் கத்தியிருப்பாள், மனசு கொஞ்சம் லேசாகியிருக்கும்.

"வேதா, இங்க பாரும்மா. உங்கம்மா இன்னா சொல்லி அனுப்புச்சோ அத நான் மறந்துட்டேன். தருமன் இங்க இருக்கறான்னு நீயும் கூச்சப்படாத, அவனும் நம்ம வூட்டுப் புள்ளதான். உங்கத்த எழுதிக் குடுத்தது எனக்கு வேணாம். அந்த வாத்தியாரு சேத்து வுட்டதும் வேணாம். வேலூருக்குப் போயி படிக்கணும்னா படி, அனுப்பறேன். வேணாம், ஊருக்கே வர்றேன்னா வா. உன் வாயால, உன் பேச்சு ஒண்ணே ஒண்ணு சொல்லு. எனக்கு அது போதும்."

அனுப்பறேன் என்று அண்ணன் சொல்லிவிட்டார்! கதவு திறந்தாயிற்று, இந்தப் பெண் காலை எடுத்து உள்ளே வைக்க வேண்டியதுதான் பாக்கி. சொல்லுடி, சொல்லுடி என்று ஆதிலட்சுமியின் உதடுகள் முணுமுணுத்தன.

வேதா அப்பாவைப் பார்த்தாள். தருமனைப் பார்த்தாள். எழுதிக் கொடுத்தது வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டாரே, அப்படியானால் இப்போது சமையலறையில் சொல்லிப் பார்த்த வாக்கியமும் கணக்கில் சேராதே. வேறு என்ன இருக்கிறது? மேடையில் நின்றது போலவே குதிகாலைச் சேர்த்து நிமிர்ந்து நின்றுகொண்டு அத்தையின் பக்கம் திரும்பினாள்.

"நான் எந்தப் பக்கம் பேசணும் அத்தை?"

பக்கத்து மாவு மில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் விளையாட்டுக்குக் கேட்கவில்லை, குத்தலாகவும் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டாள். அதுதான் ஆதிலட்சுமியைப் பிடித்து உலுக்கியது. இத்தனை வருஷமாக எத்தனை பெண்களை மேடை ஏற்றினாள், எத்தனை கப் வாங்கிக் கொடுத்தாள்! ஒருத்தியிடமாவது, உனக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்டதுண்டா?

முருகையன் எழுந்து துண்டைத் தோளில் போட்டார்.

"வெள்ளிக்கிழம வர்றேன். பெரியவங்களோட வர்றதா, ஒத்தையா வர்றதான்னு எனக்கே இப்பத் தெரியல. வந்து திரும்பவும் இதத்தான் கேப்பேன். அன்னிக்கும் இவ பதில் சொல்லலன்னா எல்லம்மா சொல்ற மாதிரி பூ வச்சுட வேண்டிதான். புள்ளைக்குன்னு ஒரு எண்ணம் இல்லாதப்ப பெத்தவ எண்ணம் நடந்துட்டுப் போவுது."

"அண்ணா, நான் அவளுக்கு எடுத்துச் சொல்லி..."

"அதான் வேணாங்கறேன்! வெள்ளிக்கிழம வரைக்கும் இந்த விஷயமா நீ அவகிட்ட ஒரு வார்த்த பேசக் கூடாது. எம்மேல சத்தியம் பண்ணு லச்சுமி."

அவள் சத்தியம் பண்ணினாள். வேறு என்ன செய்ய முடியும்?

தெருமுனை வரை போன தருமன் மட்டும் வேகமாகத் திரும்பி வந்தான். மறந்து வைத்துவிட்ட பையை எடுப்பவன் போல உள்ளே நுழைந்தான். பை அவன் கையிலேயேதான் இருந்தது.

"டீச்சரக்கா, எல்லாரும் வேதாவக் கேக்கறீங்க. சரி, கேக்கணும்தான். என்னிய ஒருத்தராவது கேட்டீங்களா?" என்றான். ஆதிலட்சுமி அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்பதற்குள் படி இறங்கி ஓடிவிட்டான்.

இவனுக்கு என்ன வேண்டுமாம்? வேதாவைக் கட்டிக்கொள்ள ஆசையா, இல்லை அக்காவுக்குப் பயந்துதான் இத்தனை நாள் தலையை ஆட்டினானா? காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது எல்லாம் எவ்வளவு தெளிவாக இருந்தது!

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வேதா சமையலறை வாசலில் வந்து நின்றாள். முகம் அழுது வீங்கியிருந்தது.

"நான் தப்பாப் பேசிட்டேனா அத்தை?"

பதில் ஆதிலட்சுமியின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. இல்லடி கண்ணு, நீ என்ன சொல்லியிருக்கணும்னா... அண்ணன் மேல் பண்ணின சத்தியம் நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொண்டாள். அடுப்பு மேடையைத் துடைத்தாள். துடைத்ததையே இன்னொரு தரம் துடைத்தாள்.

"ராத்திரிக்கு என்ன பண்ணட்டும்? தோசையா, உப்புமாவா?"

"உங்களுக்கு எது சுலபமோ அது."

"எனக்கு ரெண்டும் சுலபம்தான். உனக்கு எது வேணும்?"

வேதா வழக்கம்போல அத்தையின் முகத்தைப் பார்த்தாள். கண்ணையும் புருவத்தையும் உதட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

தனக்கு எது பிடிக்கும் என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்து, அதையே கேட்டுவிடப் போகிறாளே என்று ஆதிலட்சுமி சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.